கீழே இறங்காத லொறி

அப்பாவுக்கு,

தம்பியின் நெஞ்சுக்கூடு ஒடுங்கிப்போன காரணத்தை ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அவனை வயிற்றில் வைத்துக்கொண்டு கிரகணத்தன்று அம்மா தேயிலைக் கொழுந்து பறித்ததால் இல்லை.

செல்களில் மயிரிழைபோல ஒன்று நீட்டிக்கொண்டிருக்குமாம். எலும்பு வளர்வதற்கான சேதியை வாங்குவது அதுதானாம். அதற்குள் சாமான் சுமக்கும் மோட்டார் புரதத்தின் பெயர் டைனீன்.

"மேல போன லொறிய கீழ எறக்குற டிரைவர் மாதிரி புள்ள அது. தம்பிக்கு அது பழுது. எல்லாம் நுனியிலயே தேங்கிருது" என்றார் நர்ஸ் றுக்கையா.

"யாருகிட்டருந்து வந்துச்சு மிஸ்?" அங்கே நான் வாய் திறந்தது அப்போது மட்டும்தான்.

"அம்மாகிட்ட பாதி, அப்பாகிட்ட பாதி. ஒருத்தர்கிட்டருந்து மட்டும் வந்திருந்தா இந்த நோய் வராது."

காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடி நின்ற அத்தனை பேர் முன்னாலும், "புள்ளைய கெடுத்த பாவி" என்று அம்மாவைச் சொல்லிவிட்டுக் கொழும்புக்குப் போனீர்கள். அன்றிலிருந்து லயத்து வீடுகளில் யாரும் அம்மாவிடம் பேசுவதில்லை. தம்பிக்கு மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் பள்ளிக்கூடத்தை விட்டேன்.

திங்கட்கிழமைப் பெரட்டுக்கு வாருங்கள். "எனக்கும் பாதி" என்று அதே இடத்தில் சொல்லுங்கள். வராவிட்டால் நானே சொல்வேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது என்று உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கு வரும்.

இப்படிக்கு,
தம்பியின் அக்கா