இடைவெளி இல்லாத பாட்டு

அன்பு மகனுக்கு அப்பா சொல்லி எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் நடமாட்டத்தோடு இருக்கிறோம், அம்மாவின் முழங்கால்தான் மாடிப்படியைக் கண்டால் முகம் சுளிக்கிறது, நீ அந்தக் குளிர்கிடங்கில் கை விறைக்காமல் காய்ச்சல் தலைவலி இல்லாமல் இருக்கிறாய் என்று கேட்டால் எங்களுக்கு அதுவே போதும். கையெழுத்து மாறியிருக்கிறதே என்று பயந்துவிடாதே, வழக்கமாக எழுதுகிற தங்கச்சி இந்த முறை எழுத உட்காரவில்லை, விஷயமே அவளைப் பற்றியது, அதனால் கீழ்வீட்டுத் தையல்காரரைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன். சொல்வதை அப்படியே எழுதுவதாக ஒப்புக்கொண்டவர் நடுநடுவே கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து "இதையும் எழுதணுமா?" என்கிறார். எல்லாவற்றையும் எழுதத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டேன். ஏனென்றால் கச்சேரி நன்றாக நடந்தது என்று அம்மா உன்னிடம் போனில் சொன்னது பொய். அதை நம்பி நீ வேலையை விட்டுவிட்டு வந்து அந்தப் பிள்ளைகளோடு சேர்ந்து குழுவை நடத்தப் போகிறேன் என்றாயாம், இனிமேலும் மூடி மறைத்தால் அது உனக்குச் செய்கிற துரோகம்.

இந்த யோசனை உனக்கு எங்கே முளைத்தது என்று எனக்குத் தெரியும். நம் வீட்டின் ஒரு சன்னலைத் திறந்தால் சங்கீத மண்டபம், மறு சன்னலைத் திறந்தால் சவரக்கடை ரேடியோ, இரண்டும் ஒரே நேரத்தில் உள்ளே வரும். பல் விழுந்த வயதில் நீ நடுவில் உட்கார்ந்துகொண்டு "அப்பா, ரெண்டும் ஒரே ராகம்தாம்பா, சட்டைதான் வேற" என்றாய். எனக்கு ராகமும் தெரியாது எழுத்தும் தெரியாது, காதில் விழுந்தது மட்டும் போகாது. அந்தப் பேச்சுதான் தங்கச்சியைப் பாட வைத்து, வயலின் வாத்தியார் மகளையும் மெக்கானிக்கின் கிட்டார் பையனையும், டப்பாவைத் தட்டித் தட்டியே டிரம்ஸுக்கு வந்துசேர்ந்ததால் தகரம் என்று பேர் வாங்கிய பொடியனையும் ஒரே பாயில் உட்கார வைத்தது. நீ சாப்பாட்டு நேரத்தில் பல் கிடுகிடுக்கப் போனில் சொல்லிக்கொடுப்பாய், இவர்கள் போனைச் சுற்றி உட்கார்ந்து கற்றுக்கொள்வார்கள். ராகம் எங்கே முடிந்தது, சினிமாப் பாட்டு எங்கே தொடங்கியது என்று கேட்கிறவனுக்குத் தெரியவே கூடாது, தொட்டதிலிருந்து விடும்வரை ஒரு மூச்சு இடைவெளிகூட வரக்கூடாது, அப்போதுதான் பாட்டுக்காக வந்த இளவட்டம் ராகத்துக்குள் தன்னையறியாமல் இறங்கும் என்றாய். பிள்ளைகள் அதை அப்படியே செய்து காட்டினார்கள். பின்கட்டில் அவர்கள் பழகும்போது என் கையில் தேநீர் ஆறிப்போய்க் கிடக்கும், குடிக்கத் தோன்றாது.

மண்டபத்தை வாங்கித் தந்தது உன் மாமா. அந்த வாசல் கதவுக்கு அவர் காவலாக நின்றே தலை நரைத்தவர், மண்டபச் செயலாளரிடம் யாருக்காகவும் வாய் திறந்து எதுவும் கேட்காதவர், நம் பெண்ணுக்காகக் கேட்டார். செயலாளர் ஒரே பேச்சாகச் சொன்னார், இந்த ஒரு கச்சேரிக்கு இளைஞர்கள் வந்து உட்கார்ந்து கேட்டால் சனிக்கிழமைதோறும் பழகவும் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவும் மண்டபம் உங்களுக்கு, வராவிட்டால் இந்தப் பேச்சையே இனி எடுக்கக் கூடாது. தங்கச்சி அந்தச் சனிக்கிழமைகளுக்காகத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அன்று சொன்ன நேரத்துக்குத் திரை தூக்கினார்கள். நானும் அம்மாவும் கடைசி வரிசை. முன்னால் வழக்கமாக வருகிற பெரியவர்கள், எல்லோரும் நேரத்துக்கு வந்து அவரவர் நாற்காலியைப் பிடித்துவிட்டார்கள். இளசுகள் ஒருவரும் இல்லை. தங்கச்சி ராகத்தை எடுத்தாள், பெரியவர்கள் தலையாட்டினார்கள், எனக்கும் கொஞ்சம் தெம்பு வந்தது. அது மெல்ல மெல்ல உருகி எல்லோருக்கும் தெரிந்த அந்தப் பாட்டாக மாறியதும் முதல் வரிசைச் சால்வைக்காரர் எழுந்தார், பிறகு குடைக்காரர், பிறகு ஒவ்வொருவராகப் பக்கவாட்டுக் கதவு வழியாக இறங்கிப் போனார்கள். வாசல் பக்கம் ஏதோ சலசலப்பு கேட்டது, மழை பிடித்துக்கொண்டது என்று நினைத்தேன். கடைசியில் நாங்கள் இரண்டு பேர், செயலாளர், மைக் வைத்தவர். உன் தங்கச்சி காலி நாற்காலிகளைப் பார்த்தபடியே ஒரு சுரம் குறையாமல் பாடி முடித்தாள். நாங்கள் கை தட்டினோம், அந்தச் சத்தம் தட்டாமலே இருந்திருக்கலாம் போல இருந்தது.

வெளியே வந்தால் மழை இல்லை, படிக்கட்டு முழுக்கத் தேநீர்க் கோப்பைகள். மாமா சாவிக்கொத்தோடு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு "மச்சான், பாப்பா பாட்டுக்கு ஒரு இடைஞ்சலும் வராம பாத்துக்கிட்டேன், பயலுக என்னா கூட்டம், ஒரு ஈ காக்காய உள்ள விடலயே!" என்றார். சினிமாப் பாட்டுக் கச்சேரி என்றால் அந்தப் பிள்ளைகளுக்குத் தாமதமாக வந்துதான் பழக்கம், தொடக்கமெல்லாம் மைக் சோதனையிலேயே போய்விடும். மண்டபத்திலோ ஒரு உருப்படி முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள்தான் கதவைத் திறப்பார்கள், நடுவில் திறப்பது மாமாவுக்குக் கொலைக்குச் சமம். நீ வைத்த பாட்டு முடியவே இல்லை. அவர் கதவில் காதை ஒட்டிக்கொண்டு முடிகிற இடத்துக்காகக் கடைசிவரை காத்திருக்கிறார். வெளியில் இருந்தவர்கள் "பெருசு, எப்பத்தான் முடியும்?" என்று கேட்க, இவர் "முடிஞ்சா தெறக்க மாட்டேனா, வாய மூடிட்டு நில்லுங்கடா" என்று அதட்டியிருக்கிறார். எதிர் தேநீர்க் கடைக்காரர் அன்று பால் போதாமல் அடுத்த கடையில் வாங்கினாராம். பிறகு பார்த்துப் பார்த்துச் சலித்துக் கலைந்துவிட்டார்கள்.

மாமா எதையும் மறைக்கவில்லை, செயலாளரிடமும் நடந்ததைச் சொன்னார். அவரோ மாமாவின் முதுகில் தட்டி "நீங்க செஞ்சது சரிதான், நேரத்துக்கு வரத் தெரியாதவனுக்கு எதுக்குச் சங்கீதம்?" என்றுவிட்டார். சனிக்கிழமைகளை ஏதோ உடற்பயிற்சி வகுப்புக்குக் கொடுத்தாயிற்று. வயலின் வாத்தியார் தன் மகளை முதல் பாடத்திலிருந்து மறுபடி தொடங்க வைத்திருக்கிறார். கிட்டார் பையன் நம் தெருப்பக்கமே வருவதில்லை. தகரம் மட்டும் ஒருநாள் வந்து "அக்கா இல்லியா?" என்று கேட்டு, இருக்கிறாள் என்றதும் திரும்பிப் போனான். வெளியில் அத்தனை பேர் நின்றார்கள் என்று தங்கச்சியிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன். "எனக்கு ஆறுதலுக்குச் சொல்றீங்கப்பா" என்றாள். தேநீர்க் கடைக்காரரையே கூட்டி வந்து சொல்ல வைத்தேன், "நின்னுருக்கலாம், கேக்கலயே" என்றாள். இப்போது மருந்துக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். பாத்திரம் துலக்கும்போதுகூட முணுமுணுப்பதில்லை, வீட்டில் குழாய்ச் சத்தம்தான் கேட்கிறது. இரண்டு சன்னலையும் அவளே சாத்திவிட்டாள்.

போன வாரம் மாமா வந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. அவளிடம் "பாப்பா, அத ஒரு தடவ முழுசாப் பாடும்மா, எந்த எடத்துல நான் கதவத் தெறந்திருக்கணும்னு பாத்துக்கறேன்" என்று கேட்டார். அவள் கடைக்கு மாத்திரை உறை மடித்துக்கொண்டே, கோபமில்லாமல்தான் சொன்னாள், "அப்படி ஒரு எடமே அதுல இல்ல மாமா. அண்ணன் வைக்கல." இதை எழுத வேண்டாம் என்று தையல்காரர் பேனாவும் கையுமாக எழுந்தே விட்டார், நான்தான் மறுபடி உட்கார வைத்தேன்.

ஆகவே ஐயா, குழுவை நம்பி வேலையை விட்டுவிட்டு வராதே, இங்கே நடத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. அம்மாவைப் பார்க்க வருவதானால் வா, அது வேறு. தங்கச்சிக்குப் போன் போட்டு அந்தப் பேச்சை எடுக்காதே, நாலு நாள் சாப்பிட மாட்டாள். முடிக்கும்போது நம்பிக்கையாக ஒரு வரி சேர்க்கலாமே என்கிறார் தையல்காரர், என்னிடம் இல்லாததை எங்கிருந்து சேர்ப்பது, விட்டுவிடுங்கள் என்றேன். கிழிந்த கையுறையோடு கிடங்குக்குள் போகாதே, புதிது வாங்கிக்கொள். நீ நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும், உன் விரல்களுக்கு ஒரு குறையும் வரக்கூடாது. என்றாவது மறுபடி பாட்டுக் கட்ட உட்கார்ந்தால், நடுவில் எங்காவது கொஞ்சம் நிறுத்து. உன் மாமா கதவைத் திறக்கிற அளவுக்கு நிறுத்தினால் போதும்.

இப்படிக்கு,
சொல்லியது உன் அப்பா, கீழே இருப்பது என் பெருவிரல் ரேகை.