மரியதாஸ் ஐயாவிடம் சொல்லிவிட்டேன், அக்கா

எப்போதும் எனக்கு இரண்டடி முன்னால் நடந்த என் அக்காவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடமும் நான்கு மாதமும் ஆகிறது. நாம் இருவரும் திறந்த கணக்குக் கந்தோர் நடக்கிறது. நீங்கள் முதலில் அதைத்தான் கேட்பீர்கள் என்பதால் அதை முதலில் சொல்லிவிட்டேன். ஆனால் உட்துறைமுக வீதியைப் பார்த்த முன்னறை இப்போது எங்களிடம் இல்லை. பின்னறையில் இரண்டு மேசை, உங்கள் இரும்பு அலுமாரி, ஒரு காற்றாடி, அவ்வளவுதான். ஏன் என்று சொல்கிறேன். கோபப்படாமல் கேளுங்கள். நானும் உங்கள்மேல் பல மாதம் கோபமாக இருந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் போன ஐந்தாம் மாதம் மரியதாஸ் ஐயா வந்தார். இறக்கக்கண்டியில் ஐஸ் ஆலை வைத்திருப்பவர். நாம் கந்தோர் திறந்த முதல் கிழமையே தன் கணக்குகளை எங்களிடம் தந்த மனிதர். அடிக்கடி மின்சாரம் நின்று ஐஸ் உருகிப் போவதால் ஜெனரேற்றர் வாங்க வங்கியில் கடன் கேட்டிருந்தார். கடைசி இரண்டு வருடமும் வரித் திணைக்களத்துக்கு வருமான விபரத்திரட்டு அனுப்பியதற்கு அத்தாட்சி வேண்டும் என்று வங்கியில் சொல்லியிருந்தார்கள்.

"அக்கா அப்பவே அனுப்பியாச்சு எண்டு சொன்னவ. பிரதியை மட்டும் எடுத்து வையுங்கோ பிள்ளை" என்று சொல்லிவிட்டு மீன் சந்தைக்குப் போனார்.

கணினியில் தேடினேன். இரண்டு வருடத்துக்கும் ஒன்றுமே இல்லை. அதன் பிறகுதான் உங்கள் அலுமாரியைத் திறந்தேன். அவருடைய கோப்பில் இரண்டு வருட விபரத்திரட்டும் முழுதாய் நிரப்பி, அவர் கையெழுத்தும் வாங்கி, அப்படியே இருந்தன. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் உங்கள் பென்சில் சரி. இடையில் உங்கள் நோய்க்கான கிளினிக் துண்டுகள். அவர் வரிக்காசை நேரத்துக்கு வங்கியில் கட்டியிருந்தார், அக்கா. நாங்கள்தான் விபரத்திரட்டை அனுப்பவில்லை. அதற்கான தண்டக் கடிதங்களும் எங்கள் விலாசத்துக்கே வந்து, உறை கிழிக்காமல் கிடந்தன.

"அனுப்பியாச்சு" என்று அவரிடம் சொன்ன அன்று, மறுநாள் அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தீர்களா? மறுநாள் மருந்தேற்றும் நாளாகப் போய்விட்டதா? எனக்குத் தெரியாது. இனித் தெரியப் போவதும் இல்லை.

உங்கள் கணவர் என்பதால் அத்தானிடம்தான் முதலில் சொன்னேன். அவர் முகம் கறுத்துவிட்டது.

"செத்துப்போன மனுசியின்ர பேரைச் சந்திக்கு இழுக்கப் போறியோ? அந்தாள் எப்பவும் கடுதாசியளைப் பிந்தித்தானே தாறவர். பழியை அவரிலை போட்டுவிடு. அவரும் நம்புவார்."

அவர் கெட்ட மனிதர் இல்லை. உங்களுக்காகப் பேசினார். எனக்கும் ஒரு பகல் முழுக்க அந்தக் கதை நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் காலையில் கோப்பைத் தூக்கிக்கொண்டு இறக்கக்கண்டியால் போகும் குச்சவெளி பஸ்ஸில் ஏறினேன். அவரைக் கந்தோருக்குக் கூப்பிட்டுச் சொல்ல மனம் வரவில்லை. ஐஸ் ஆலையின் ஈரத்தரையில் ஒரு பிளாஸ்ரிக் கதிரை போட்டு என்னை இருத்தினார். அந்த உறைகளைக் கண்டதும், நான் வாய் திறப்பதற்கு முன்னமே அவரே கேட்டார்:

"நான்தான் பிந்தித் தந்தனானோ பிள்ளை? அந்த வருசம் மூத்தவளின்ர கலியாணம். ஒண்டும் விளங்காமல் ஓடித் திரிஞ்சனான்."

பொய்யை நான் தேட வேண்டியிருக்கவில்லை, அக்கா. அவரே கையில் எடுத்துத் தந்தார். "ஓம் ஐயா" என்றால் போதும். என்னிடம் மன்னிப்பும் கேட்டிருப்பார்.

"இல்லை ஐயா" என்றேன். "நீங்கள் நேரத்துக்குத் தந்தனீங்கள். அக்கா அனுப்பேல்லை. அனுப்பினதா உங்களுக்குச் சொன்னது பொய். தண்டம் முழுக்க எங்கடை பொறுப்பு. வங்கிக்கும் நானே கடிதம் எழுதித் தாறன்."

உங்களைப் பற்றிப் பொய் என்ற சொல்லை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் ஒரு உறையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அவ வருத்தத்தோடை, மருந்தோடை எவ்வளவு பாடுபட்டவ எண்டு எனக்குத் தெரியும். அவவை நான் பிழை சொல்லேல்லை. ஆனா பிள்ளை, அங்கை நீங்கள் ரெண்டு பேர் இருந்தனீங்கள்தானே?"

திரும்பி வரும் பஸ்ஸில் அந்தக் கேள்விதான் என்னோடு வந்தது. அதுவரைக்கும் உங்கள் பிழையை நான் சுமக்கிறேன் என்றுதான் எண்ணியிருந்தேன். உங்கள் அலுமாரிக்கும் என் மேசைக்கும் நாலு எட்டுத்தான். மத்தியானங்களில் நீங்கள் மேசையில் தலை வைத்துப் படுத்ததை நான் கண்டேன். காற்றாடியை உங்கள் பக்கம் திருப்பிவிட்டு என் வேலையைப் பார்த்தேன். பெரிய கோப்புகள் எல்லாம் அக்காவின் பொறுப்பு என்றிருந்தது எனக்கு வசதியாக இருந்தது. உண்மை அதுதான்.

இரண்டு கிழமை புது வேலை ஒன்றும் எடுக்காமல் அலுமாரி முழுவதையும் பார்த்தேன். இன்னும் மூன்று கோப்புகள் அப்படியே இருந்தன. மூவரிடமும் நேரில் போய்ச் சொன்னேன். ஒரு கடைக்காரர் தன் கோப்பைப் பறித்துக்கொண்டு போய்ச் சந்தையெல்லாம் எங்களைத் திட்டினார். அதைக் கேட்டு வேறு இருவரும் விலகினார்கள். முன்னறையின் வாடகையை நிறுத்தியது அந்தத் தண்டங்களைக் கட்டத்தான்.

அத்தான் சில மாதம் என்னோடு கதைக்கவில்லை. உங்கள் முதலாம் வருட ஆட்டைத் திவசத்தன்று, சாப்பாடு முடிந்து எல்லோரும் போன பிறகு, ஒரு உறையைக் கொண்டுவந்து நீட்டினார். "தண்டத்திலை என்ர பங்கு. வீட்டிலை அவ படுற பாட்டை நானும் பாக்கேல்லைத்தானே" என்றார். இருவரும் குசினியில் நின்று அழுதோம்.

இப்போது கப்பல்துறையில் இருந்து சுகந்தி வேலைக்கு வருகிறா. கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்த்தவ, இரண்டு பிள்ளைகளின் தாய். அவ செய்வதை நானும், நான் செய்வதை அவவும் பார்க்கிறோம். இரண்டு கையெழுத்து இல்லாமல் எதுவும் வெளியே போகாது. கடைசித் திகதிகள் எல்லாம் சுவரில் இருக்கின்றன. போன மாதம் ஒரு விடுதியின் கணக்கைக் கொண்டுவந்து, "அக்கா, இந்தச் செலவை நீங்கள் ரெண்டு தரம் கழிச்சிருக்கிறியள்" என்றா. எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால் அவ சொன்னதுதான் சரி.

நிலாவெளியில் இருந்து ஒரு ஹோட்டல் முதலாளியும் வந்தார். வரிக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு இன்னொரு கணக்கு வேண்டுமாம். அவர் தருவதாகச் சொன்ன தொகையில் முன்னறையைத் திரும்ப எடுத்திருக்கலாம். ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இந்த வருடம் எல்லோருடைய விபரத்திரட்டும் திகதிக்கு முன்னரே போய்விட்டது. புது ஆட்களும் மெல்ல வருகிறார்கள்.

மரியதாஸ் ஐயாவின் ஜெனரேற்றர் நான்கு மாதம் பிந்தித்தான் வந்தது. அதற்கிடையில் இரண்டு தரம் அவருடைய ஐஸ் உருகிப்போனது. அவர் எங்களை விட்டுப் போகவில்லை. ஆனால் முன்னைப் போலவும் இல்லை. விபரத்திரட்டு அனுப்பும் நாளில் என் முன்னால் வந்து இருக்கிறார். அத்தாட்சி அச்சாகி வந்ததும் ஒருமுறை வாசித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் எழும்புகிறார். இருக்கட்டும். அவர் விரும்பும் வரைக்கும் அப்படியே இருக்கட்டும்.

ஏலவில்லை என்று சொல்ல உங்களுக்கு ஒருவரும் இல்லை என்று நினைத்தீர்களா? நான் பக்கத்து மேசையில் இருந்தேனே, அக்கா. நீங்கள் சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

கந்தோர்ப் பெயர்ப் பலகையில் உங்கள் பெயர்தான் இன்னும் முதலில் இருக்கிறது. அதை எடுக்க மாட்டேன். உங்கள் பிழையை மறைக்கவும் மாட்டேன். ஒருநாள் என் உடம்பும் சரிந்தால், அன்றைக்கே சுகந்தியிடம் அலுமாரிப் பூட்டின் திறப்பைக் கொடுத்து, "எனக்கு ஏலாமல் கிடக்கு, நீ பார்" என்று சொல்லுவேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

பக்கத்து மேசையில் இருந்தும் கேட்காமல் விட்ட,
இனிக் கேட்காமல் விடாத,
உங்கள் தங்கச்சி
வசந்தி