பதிமூன்று வருடம் வில்கின்

அம்மா, முதலில் உங்கள் ஆசி வேண்டும். பிரஷர் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா?

நான் நலம். திங்கட்கிழமை பேஸ்பால் அணியிலிருந்து என்னை அனுப்பிவிட்டார்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை. "இருபத்தொம்பது வயசுதானேடா வில்கின், இன்னும் எவ்வளவோ காலம் கெடக்கு" என்றார் பயிற்சியாளர். சிரிப்பை அடக்கிக்கொண்டேன். முப்பத்திரண்டு என்று என் முழங்காலுக்குத் தெரியும்.

வயதைக் குறைத்துக் காட்டத் தம்பி வில்கினின் பிறப்புச் சான்றிதழைக் கொடுத்து நான் அணியில் சேர்ந்ததிலிருந்து, யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்று பயந்து, நீங்களும் போனில் "வில்கின், சாப்பிட்டியாப்பா?" என்றுதான் கேட்டீர்கள்.

சனிக்கிழமை நம் ஊருக்கு, சாண்டோ டொமிங்கோவுக்கு வருகிறேன். வாழைக்காய் மசித்து வையுங்கள். விமான நிலைய வாசலில் என் பெயரைச் சொல்லிச் சத்தமாகக் கூப்பிடுங்கள். நான் சட்டென்று திரும்பாவிட்டால் இன்னொரு தடவை கூப்பிடுங்கள்.

பஸ் வந்துவிட்டது.

உங்கள் மூத்தவன்,
எலியேசர்