வேலியில் தொங்கிய பங்கு

வட லூசோன் மலை

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம். கலகக்காரர்களிடமிருந்து நான் பாடம் நடத்தும் பள்ளியைக் காக்கும் சிப்பாய்களும் நலம்.

ஆற்றைக் குழாயில் அடைத்து மின்சாரம் எடுக்க வந்த கம்பெனி, எருமை வெட்டி வீட்டுக்கு வீடு பங்கு வைத்துப் போனது. பங்கை உண்டால் சம்மதம் என்ற நம் வழக்கத்தை மட்டும் நன்றாகப் படித்திருக்கிறார்கள். ஊர்ப் பெண்கள் அந்தப் பங்குகள் அத்தனையையும் கம்பெனி வேலியில் தொங்கவிட்டார்கள். நானும்தான்.

"வெறும் கறிதானேம்மா," என்றார் கம்பெனி அதிகாரி.

"அப்ப நீயே தின்னுய்யா. வயலுக்குத் தண்ணி எங்களுக்கு வேணும்," என்றாள் ஃபெலிசா அக்கா. சிப்பாய் ஒருவன் துப்பாக்கியை உயர்த்தினான். "பாவம், இவனுக்கும் பசி போல. ஒரு துண்டு குடுங்கடி," என்றாள்.

குழாய்கள் இன்னும் லாரியிலேயே கிடக்கின்றன. கவலைப்படாதே.

ஒருத்திக்காகச் சமைப்பது ருசிக்கவில்லை. நீ உப்பிட்ட இறைச்சி கொஞ்சம் அனுப்பு. உன் பங்கு என்றால் எதற்கும் சம்மதம், கல்யாணத்தைத் தவிர.

கடிதம் கொண்டுபோகும் ஜீப் கிளம்புகிறது.

மகள் மார்சியா