முதுகு காட்டாத கதாநாயகி

மட்டாஞ்சேரி
9-1-1985

அன்பு மகன் சிகாபுதீனுக்கு அம்மா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் காவலில் இங்கே எல்லோரும் நடமாட்டமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்று பேச்சுக் கேசட்டில் சொன்னாய், ஆனால் தொண்டை கட்டியிருந்தது எனக்குத் தெரிந்தது, ஏசிக்கு நேரே தலை வைத்துப் படுக்காதே, மிளகு தட்டிப் போட்டுக் கஷாயம் குடி. நானும் கேசட்டில் பதில் பேசியிருக்கலாம், பஷீர் முதற்கொண்டு உன் ரூமில் உள்ள அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள் என்றுதான் பேனாவை எடுத்தேன். அஞ்சாங்கிளாஸ் கையெழுத்து, பொறுத்துப் படி. உன் மகள் ஃபாத்திமா மலையாளச் செய்யுள் சொல்லி ஸ்கூலில் முதல் பரிசு வாங்கிவிட்டாள், ஹெட்மிஸ்ட்ரஸே கூப்பிட்டுக் கன்னத்தைத் தட்டினாளாம். என் பேத்தி என்று பஜார் முழுக்கச் சொல்லிவிட்டேன். தமிழ்தான் அவளுக்கு எழுத்துக்கூட்டக்கூட வரவில்லை.

இவ்வளவு எழுதுவதற்குள் இரண்டு தடவை எழுந்து வாசல்வரை போய் வந்துவிட்டேன். உட்கார முடியவில்லை மகனே. வீட்டில் மெஷின் சத்தம் இல்லை. விடிந்தால் மீன்காரன் குரலும் உன் பெண்டாட்டி ஹாஜராவின் தையல் மெஷின் சத்தமும் கேட்டே பழகிய காது, இப்போது ஏதோ மறந்துபோன மாதிரி வீட்டுக்குள் சுற்றிச் சுற்றி வருகிறேன், அடுப்பில் சாயா பொங்கிக் கவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. ஏன் என்று உனக்குத் தெரியும், என்ன நடந்தது என்று முழுக்கத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

மிளகாய் வற்றல் கடை நல்லசிவம் மகள் வீரலட்சுமிக்குத் தை பிறந்ததும் முதல் முகூர்த்தத்தில் கல்யாணம். அவள் அம்மா பேச்சியம்மாள் சின்னப் பிள்ளையாகக் கோவில்பட்டியில் ஒரு படம் பார்த்தாளாம், கறுப்பு வெள்ளைப் படம், அதில் கதாநாயகி பஃப் கை வைத்த ஜாக்கெட் போட்டு ஒரு பாட்டுக்கு நிற்பாளாம். தன் கல்யாணத்துக்கு அதே மாதிரி வேணும் என்று கேட்டதற்கு, கூத்துக்காரியா நீ என்று அவள் அப்பா அடிக்கக் கை ஓங்கிவிட்டாராம். அந்த ஆசை அவளுக்கு அடங்கவில்லை. இந்த உடுப்பு விஷயமே கடல் மாதிரிதான். என் காலத்தில் முழங்கை வரை கை, நீ சின்னவனாக இருந்தபோது கையே இல்லாமல் ஏறிப்போனது, பிறகு மணி மாதிரி விரிந்து தொங்கியது, இப்போது காலேஜ் பிள்ளைகள் எல்லாம் மறுபடி பப்படம் பொரிந்த மாதிரி பஃப். அதனால் வீரலட்சுமியும் மறுக்கவில்லை, அம்மாவுக்குப் பழசு, மகளுக்குப் புதுசு. அந்தப் படம் யாரிடம் இருக்கிறது என்கிறாய், போன பெருநாளுக்கு அம்மா பார்க்கட்டும் என்று வீடியோ டெக்கோடு நீ அனுப்பினாயே, அந்தப் படக் கேசட்டுகளில் ஒன்று.

பஷீர் லீவில் வந்தபோது பார்த்துவிட்டு, வாசலில் டாக்கீஸ் மாதிரி செருப்பு என்று உன்னிடம் சொல்லியிருக்கிறான். செருப்பு கிடந்தது உண்மைதான். ஆனால் யாரும் கதை பார்க்க வரவில்லை. ஹாஜரா அந்தப் பாட்டை ஓடவிட்டு நிறுத்துவாள், படம் நடுங்கிக்கொண்டு நிற்கும், குறுக்கே வெள்ளைக் கோடு ஓடும், அவள் டிவிக்கு முன்னால் மண்டியிட்டுக் கையில் எத்தனை மடிப்பு, கழுத்து எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் பழைய மனோரமாப் பேப்பரில் வரைவாள். பெண்கள் ஆளுக்கொன்று சொல்வார்கள். எல்லாம் கிடைத்தது, முதுகு மட்டும் கிடைக்கவில்லை. அந்தக் கதாநாயகி பாட்டு முழுக்க ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. கடைசியில் போகும்போது திரும்புகிறாள், அப்போதும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு போகிறாள். மாமி, இவ திரும்பவே மாட்டேங்கிறாளே என்று ஹாஜரா அழாத குறை. பேரைச் சொல்லிக் கூப்பிடுடி, திரும்பிப் பார்ப்பாள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை. அன்று சோறும் சரியாகத் தின்னவில்லை. மறுநாள் அவளாகவே ஒரு முதுகை வெட்டினாள். நடுவில் வெற்றிலை மாதிரி ஒரு வெட்டு, அதை மூடத் துணியில் உருட்டிய மூன்று பொத்தான். எங்கேயும் பார்த்து எடுத்ததில்லை, அவள் தலையில் இருந்து வந்தது.

அளவு பார்க்கப் பேச்சியம்மாள் மகளோடு வந்தாள். ஒரு கைதான் வைத்திருந்தது, மற்றதைக் குண்டூசியில் மாட்டியிருந்தோம். வீரலட்சுமி திரும்பி நின்றதும் பேச்சியம்மாள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். இதேதாம்ட்டி, இந்த வெத்தலதான், படத்துல அவ முதுகுல இப்படியேதான் இருந்துச்சு, எனக்கு இன்னைக்கும் கண்ணுக்குள்ள நிக்கி என்று சத்தியம் செய்கிறாள். நானும் ஹாஜராவும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். இத்தனை வருஷ ஆசைக்குள்ளே உன் பெண்டாட்டி தைத்த முதுகு போய் உட்கார்ந்துகொண்டது மகனே. ஹாஜராவின் முகத்தை அப்போது நீ பார்த்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து உன் பேச்சுக் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். துபாயில் இருந்து மகன் குரல் என்ற பெருமையில் எல்லோரும் கேட்கட்டும் என்று நான்தான் சத்தமாகப் போட்டேன். நலம் விசாரித்தாய், பிறகு, என் பெண்டாட்டி ஊராருக்கு சினிமா ஜாக்கெட் தைத்துத்தான் சோறு திங்கணுமா, மெஷினை மூடி வைக்கச் சொல்லு, டெக்கைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்துவிடு என்றாய். பேச்சியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். வீரலட்சுமி கழற்றிக் கொடுத்த ஜாக்கெட்டை ஹாஜரா மடித்து வைத்தாள், மெஷின்மேல் போர்வையைப் போட்டாள், சட்டி கழுவப் போய்விட்டாள். அன்றிலிருந்து இப்படித்தான். சமையல், தொழுகை, ஃபாத்திமாவுக்குத் தலைவாரல், எல்லாம் குறைவில்லாமல் நடக்கிறது. பேச்சு மட்டும் இல்லை. அந்த ஒற்றைக் கை ஜாக்கெட் அலமாரியில் கிடக்கிறது, கல்யாணமோ வாசலில் வந்து நிற்கிறது.

டெக்கை அனுப்பியபோது நீயே சொன்னாய், அம்மா, படத்தை ரொம்ப நேரம் நிறுத்தி வைக்காதே, டேப் தேய்ந்துவிடும் என்று. டேப் தேயும் என்று தெரிந்த உனக்கு மனுஷி தேய்வது தெரியவில்லையா?

இதுவரை எழுதி மடக்கி வைத்திருந்தேன். அசர் தொழுதுவிட்டு மறுபடி எழுதுகிறேன். தொழுகையிலும் மனம் நிற்கவில்லை. நேரே போய் மெஷின் போர்வையை எடுத்தேன், அந்தக் கையையும் ஜாக்கெட்டையும் எடுத்து நானே உட்கார்ந்து மிதித்தேன். எனக்கு எங்கே தையல் தெரியும், சக்கரம் பின்னால் சுற்றியது, நூல் அறுந்தது, ஊசி கடகடவென்று அடித்தது. ஹாஜரா அடுக்களையில் இருந்து ஈரக் கையோடு ஓடி வந்தாள். மாமி, துணி கெட்டுப்போகும், எழுந்திரிங்க என்றாள். நான் எழவில்லை. உன் மாப்பிள்ளை உன்னைத்தானே தைக்கக் கூடாது என்றான், என்னைச் சொல்லவில்லையே என்றேன். மறுபடி மிதித்தேன், மறுபடி அறுந்தது. அவளுக்குப் பொறுக்கவில்லை, என் தோளைப் பிடித்துத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். மாமியாரைத் தள்ளிய மருமகளை நான் ஒன்றும் சொல்லவில்லை, சந்தோஷமாக வந்து பேனாவை எடுத்தேன். இதோ சத்தம் கேட்கிறது.

ஜாக்கெட் கையைத் தைத்துக்கொண்டே தலை நிமிராமல் ஒன்று கேட்டாள். அவங்க கோபத்துல சொன்னாங்களா மாமி, இல்ல பக்கத்துல ஆள் இருந்ததுனால சொன்னாங்களா என்று. பதில் உனக்குத்தான் தெரியும்.

வேளைக்குச் சாப்பிடு, வெள்ளிக்கிழமை ஜும்ஆவை விடாதே, பஷீரிடம் கோபம் வேண்டாம், அவனுக்கும் வீட்டு நினைப்பு இருக்கும். அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளும் இளகிய மனசும் கொடுக்கட்டும்.

மறக்காதே, அடுத்து யார் ஊருக்கு வந்தாலும் நல்ல ஜப்பான் கத்தரிக்கோல் ஒன்று கொடுத்துவிடு. ஹாஜரா கேட்கவில்லை, நான் கேட்கிறேன். கேசட்டில் பேச வெட்கமாக இருந்தால் பேச வேண்டாம், கத்தரி வந்தால் போதும், அவள் புரிந்துகொள்வாள்.

உன் அம்மா,
மைமூன் பீவி