திருத்தம் முன்மொழியப்படவில்லை

பிப்ரவரி 6

தம்பியைப் போலீஸ் கூட்டிப் போய் ஒரு வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. அரசுக்கு எதிராகப் போஸ்டர் ஒட்டினானாம். "சும்மா விசாரிச்சுட்டு அனுப்பிடுவோம்" என்றார்கள். காவல் நிலைய வாசலில் எங்களைப் போலப் பிள்ளையைத் தேடி வந்தவர்கள் இன்னும் சிலர். உள்ளே கேட்டால் இன்று "இங்க இல்ல" என்கிறார்கள். அப்போ எங்கே?

"அதைச் சொல்லணும்னு சட்டத்துல இல்லம்மா."

இல்லைதான். எனக்குத் தெரியாதா? சட்டத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதே என் பிழைப்பு. எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் உதவியாளர். மசோதாக்களைப் படிப்பேன், குறிப்பெழுதுவேன். அவர் பேசுவார். கைதட்டல் அவருக்கு.

பிப்ரவரி 8

சிங்கத்திடம் சொன்னேன். (எங்கள் உறுப்பினருக்குக் கட்சிக்காரர்கள் வைத்த பெயர். நானும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டேன்.) வழக்கே போடாமல் ஆளை அடைத்து வைக்கும் காலத்தை நீட்ட ஒரு பாதுகாப்பு மசோதா வருகிறது. அதில் ஒரு திருத்தம் கேட்டேன்: பிடித்துச் சென்ற மறுநாளுக்குள், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று குடும்பத்துக்குச் சொல்ல வேண்டும். ஒரே வாக்கியம்.

"எழுதும்மா. கிழிச்சுத் தொங்க விட்டுர்றேன் அவங்கள."

எழுதினேன். 'இயன்றவரை' என்று ஒரு சொல் சேர்க்கலாமே என்றார் கட்சி வக்கீல். சேர்க்கவில்லை. இயன்றவரை என்றால் ஒருபோதும் இயலாது.

பிப்ரவரி 11

அம்மா அவன் சட்டைகளைத் துவைத்தாள். துவைத்து வைத்திருந்ததையே மறுபடியும்.

பிப்ரவரி 14

எழுதியே ஆக வேண்டும்.

ஆளுங்கட்சி வரிசைகள் பாதி காலி. வெளிநாட்டு விருந்தினருக்கு எங்கோ மதிய விருந்து. பார்வையாளர் மாடத்திலிருந்து தலைகளை எண்ணினேன். எங்கள் பக்கம்தான் அதிகம். நம்பாமல் மறுபடி எண்ணினேன். ஜெயிக்கப்போகிறோம்.

அப்போது அமைச்சர்: "சிங்கம்னாங்க. கொட்டாவி சத்தம்தான் வருது."

சிரிப்பு. அவ்வளவுதான். சிங்கம் எழுந்து மசோதாவைக் கிழித்துப் பறக்கவிட்டு, "வெளிநடப்பு!" என்றார். கட்சி மொத்தமும் பின்னால் போனது. வெளியே கேமராக்கள்.

அவைத்தலைவர் திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்தார். கொடுத்தவர் எழுந்து முன்மொழிந்தால்தான் ஓட்டுக்கே வரும். பெயரைக் கூப்பிட்டார். இன்னொரு தரம் கூப்பிட்டார்.

"உறுப்பினர் அவையில் இல்லை. திருத்தம் முன்மொழியப்படவில்லை. அடுத்தது."

தோற்கக்கூட இல்லை. தோற்பதற்கும் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். மசோதா நிறைவேறியது.

வெளியே ஓடினேன். மைக்குகளுக்கு முன்னால் "ஜனநாயகப் படுகொலை" என்று முழங்கிக்கொண்டிருந்தார். கத்தி யார் கையில் இருந்தது?

"சார், உக்காந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

"அவன் அசிங்கப்படுத்துறான், கேட்டுட்டு உக்காந்திருக்கச் சொல்றியா?"

"ஆமா சார். அதுக்குத்தானே ஓட்டுப் போட்டு அனுப்பிச்சாங்க."

முறைத்தார். பிறகு இன்னொரு உதவியாளர் நீட்டிய போனைப் பார்த்து, "பரவால்ல, டிவில நல்லாத்தான் வந்துருக்கு."

சீ.

பிப்ரவரி 15

வேலையை விட்டேன்.

"விட்டுட்டு?" என்றாள் அம்மா.

"கத்தப்போறேன்."

"அங்க கத்துறதுக்கா ஆள் இல்ல?"

மார்ச் 2

கடைசி வரிசையில் தனியாக உட்காரும் சுயேச்சை உறுப்பினர். முன்பு பள்ளிக்கூடத்தில் இருந்தவர், எல்லோருக்கும் டீச்சர். போய்ப் பார்த்தேன். என் ஒற்றை வாக்கியத்தைத் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவரச் சம்மதித்தார்.

"தோத்துருவோம். தெரியுமில்ல?"

"தெரியும் டீச்சர்."

"அப்ப சரி. எவன் என்ன சொன்னாலும் எந்திரிச்சுப் போக மாட்டேன். எட்டாங்கிளாஸ் பசங்களையே சமாளிச்சவ."

மார்ச் 27

ஓட்டெடுப்பு. அம்மாவும் மாடத்தில், என் பக்கத்தில். சிங்கத்தின் கட்சி வேறெதற்கோ காலையிலேயே வெளிநடப்பு செய்துவிட்டது.

"டீச்சர், இது பள்ளிக்கூடம் இல்ல" என்றார் அமைச்சர்.

"தெரியுதுங்க. அங்க இவ்வளவு சத்தம் இருக்காது."

டீச்சர் அசையவில்லை. ஆம் என்போர், இல்லை என்போர் என்று கூச்சலிலேயே முடிக்கப் பார்த்தார்கள். கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள் என்றார் டீச்சர். எண்ணியே தீர வேண்டியதாயிற்று.

தோற்றோம். ஆனால் ஒவ்வொருத்தனும் கையைத் தூக்க வேண்டியிருந்தது. ஒரு தாய்க்குப் பிள்ளை இருக்கும் இடத்தைச் சொல்லக்கூடாது என்று, வெளிச்சத்தில், கையைத் தூக்கி. ஒவ்வொரு முகத்தையும் பார்த்துக்கொண்டேன்.

வெளியே வந்ததும் அம்மா: "மூணாவது வரிசைல ஒரு கண்ணாடிக்காரர். பாதி தூக்கிட்டு இறக்கிட்டாரு. பாத்தியாடி?"

பார்க்கவில்லை. தூக்கியவர்களைத்தான் பார்த்தேன்.

"அவரு வீடு எங்க இருக்கு?"

மார்ச் 28

ஆளுங்கட்சிக்காரர். கதவைத் திறந்தவர் எங்களைப் பார்த்துவிட்டுத் தெருவைப் பார்த்தார். அம்மா அழவில்லை. தம்பியின் பெயரையும் ஊரையும் சொன்னாள். "எங்கன்னு மட்டும் சொல்லுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

உள்ளே போனார். போனில் பேசும் சத்தம். தேநீர் ஆறும் நேரம்கூட ஆகவில்லை.

"பழைய துறைமுகக் கிடங்கு. நல்லாத்தான் இருக்கான். நான் சொன்னேன்னு வெளிய தெரியக்கூடாதும்மா."

ஒரு போன். நாங்கள் சட்டமாக்கச் சொன்னது இந்த ஒரு போனைத்தான். எனக்கு அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி நொறுக்க வேண்டும்போல இருந்தது. அழுகையும் வந்தது. அம்மாவின் கையைப் பிடித்து வாசல் பக்கம் இழுத்தேன். கிடங்குக்குப் போக வேண்டும், உடனே.

அம்மா நகரவில்லை.

"ஸ்டேஷன் வாசல்ல எங்களோட நிக்கிறவங்க இருக்காங்க. அவங்க பிள்ளைங்க பேரும் சொல்றேன். கேட்டுச் சொல்லுங்க" என்று, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.