தாளடியில் வந்த அசுரன்

உளுந்து வரப்போகிறது, அத்தை. இன்று காலை நாற்றங்காலில் நிற்கும்போது கைப்பேசியில் செய்தி வந்தது. நாம் பார்த்த ஜப்பான் அனிமே தொடரின் மூன்றாவது சீசனாம். பக்கத்தில் யாரும் இல்லை என்ற தைரியத்தில் வரப்பிலேயே ஒரு குதி குதித்தேன். ஒரு கால் சேற்றுக்குள் போய்விட்டது.

முதல் சீசன் முடிந்த அன்று அடுத்தது எப்போது என்று கேட்டீர்கள். எனக்கும் வயல் தெரியும் என்று காட்டிக்கொள்ள, "குறுவை முடிஞ்சுது அத்தை, இனிமே சம்பாதான்" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது. "குறுவை அறுத்த வயல்ல அடுத்து நடுறது தாளடிம்மா. மன்னார்குடி கடைத்தெருவுல நீ அரிசி மூட்டையத்தான் பாத்திருப்ப!" அன்றிலிருந்து நம் வீட்டில் இரண்டாவது சீசனுக்குப் பெயரே தாளடி. தாளடி நெல் அறுத்தால் அப்புறம் வயலில் உளுந்துதானே?

கல்யாணமாகிக் கீழ்வேளூர்ப் பக்கம் வந்த புதிதில் நான் பேசினால் எனக்கே கேட்காது. உங்கள் மகன் துபாய்க்குப் போய்விட்டார். நிலத்தை நீங்கள் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரரின் அண்ணன், எனக்குப் பெரிய மாமா, அதைத் தன்னிடம் குத்தகைக்கு விடச் சொல்லி வருஷா வருஷம் கேட்பார். "எனக்கப்பறம் இவ வாயத் தொறந்து முடியாதுன்னு சொல்லுவாளா, தலையாட்டிட்டுக் குடுத்துடுவாளான்னு தெரியலயே" என்று அடுத்த வீட்டு அக்காவிடம் நீங்கள் புலம்பியது என் காதில் விழுந்தது. கோபம் வரவில்லை. எனக்கும் அதே சந்தேகம்தான்.

தம்பியின் நிழலைத் திருடிக்கொண்டு போன அசுரனைத் தேடி, ஒருத்தி வாளோடு மலை மலையாக அலைகிற கதை அந்தத் தொடர். கீழே ஓடுகிற ஆங்கிலத்தை நான் தமிழில் சொல்ல வேண்டும். எல்லோருக்கும் ஒரே குரலில் முணுமுணுப்பேன். உங்களுக்குப் பொறுக்காது. "அசுரன் பேசறப்பவாவது சத்தமாப் பேசும்மா. அவன் என்ன இந்த வீட்டு மருமவளா?"

நிஜத் தாளடி நடவு முடிந்த வாரத்தில்தான் நம்முடைய தாளடியும் வந்தது. நீங்கள் வெந்நீரில் கால்களை வைத்துக்கொண்டு, "இந்தப் பொண்ணு எப்பதான் சாப்புடுவா?" என்று கவலைப்படுவீர்கள். நான் மெல்ல மெல்ல அசுரனுக்கு உறுமவும் அவளுக்கு அதட்டவும் பழகினேன். கடைசிப் பகுதியில் அவன் மலையுச்சியில் மாட்டிக்கொண்டபோது, என்னை மறந்து எழுந்து நின்று கத்தினேன். "குடு அத! இல்லன்னா ஒன் தலை ஒன்கிட்ட இருக்காது!"

அடுத்த வீட்டு அக்கா கரண்டியோடு ஓடி வந்தார். "பெரியவங்களப் போயி இப்படிப் பேசலாமாடி?" என்று என் மேல் பாய்ந்தார். மாமியார் மருமகள் சண்டை என்றே நினைத்துவிட்டார்! நீங்கள் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கினீர்கள். "ஒக்காருடி, நீயும் கேளு. இன்னக்கித்தான் இவளுக்குக் கொரலு வந்துருக்கு" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. கதைக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கண்ணை மூடியபின், இந்தக் குறுவைக்கு விதை விடுமுன் பெரிய மாமா வந்தார். "டவுன்ல வளந்த பொண்ணு. ஒனக்கு எதுக்கும்மா இந்தச் சேறும் சகதியும்? நெலத்த எங்கிட்ட வுட்டுடு" என்றார். அன்பாகத்தான் கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

"இல்லங்க மாமா. நாங்களே நடுறோம்" என்றேன். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார். "நாங்கன்னா யாரு? அவன்தான் துபாய்ல கெடக்கானே?"

"நானும் அத்தையும்" என்றேன்.